கைக்காசுச் செலவும் வரிக் கழிவும்: எங்கள் டர்பன் குடும்பக் குழுவில்

அக்கா: வணக்கம் பெரியப்பா. வரிப் படிவம் அனுப்பும் காலம் வந்துவிட்டது. நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தும் இரண்டு நாள் உம்லங்கா அலுவலகத்திலிருந்தும் வேலை பார்க்கிறேன். மடிக்கணினி, நாற்காலி, இணையக் கட்டணம் எதையும் நிறுவனம் திருப்பித் தரவில்லை. இவற்றை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாமா?

பெரியப்பா: வணக்கம்மா. வேலைக்காகச் செலவழித்தோம் என்பதாலேயே சார்ஸ், அதாவது தென்னாப்பிரிக்க வரித்துறை, கழிவு தந்துவிடாது. வருமான வரிச் சட்டத்தின் 23(எம்) பிரிவு சம்பளக்காரர்களுக்குச் சிலவகைச் செலவுகளை மட்டுமே விட்டுவைத்திருக்கிறது. இணையமும் கைபேசியும் அவற்றில் சேரா. மடிக்கணினிக்குத் தேய்மானம் உண்டு, அதாவது அதன் விலையைச் சில ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கழிக்கலாம். செப்டம்பர் முதல் தேதி 12,000 ராண்டுக்கு வாங்கியிருந்தால், மூன்று ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்கு 4,000 வரும். பிப்ரவரி இறுதியில் வரி ஆண்டு முடிந்துவிடுவதால் முதல் ஆண்டில் 2,000 மட்டுமே. பிள்ளைகள் அதில் படம் பார்த்தால் அந்தப் பங்கையும் நீக்கிவிடு. நாற்காலி 7,000 ராண்டுக்குள் இருந்தால் வாங்கிய ஆண்டிலேயே முழுவதும் கழிக்கலாம்.

அக்கா: வீட்டு வாடகையில் ஒரு பங்கைக் காட்டலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்களே?

பெரியப்பா: காட்டலாம், ஆனால் நிபந்தனை கடுமையானது. அந்த அறை வேலைக்கென்றே அமைக்கப்பட்டு, தொடர்ந்து வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். உன் பணியில் பாதிக்கு மேல் அங்கேயே நடக்க வேண்டும். விருந்தினர் வந்தால் படுக்கை விரிக்கும் அறையும், சாப்பாட்டு மேசையின் ஓரமும் செல்லாது. 120 சதுர மீட்டர் வீட்டில் அறை 12 சதுர மீட்டர் என்றால் வாடகையில் பத்தில் ஒரு பங்கு. அறையைப் படம் எடுத்து வை, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டை உறுதிப்படுத்தி நிறுவனத்திடம் கடிதம் வாங்கு.

அத்தை: அண்ணா, நான் வகுப்புக்கு அட்டை, பேனா எல்லாம் என் பணத்தில்தான் வாங்குகிறேன். சாட்ஸ்வர்த்திலிருந்து பள்ளிக்குப் போய்வரும் பெட்ரோல் வேறு. இரவில் வீட்டில்தான் விடைத்தாள் திருத்துகிறேன்.

பெரியப்பா: கேட்கவே வருத்தமாக இருக்கிறது தங்கச்சி, ஏனென்றால் இவற்றில் எதற்கும் கழிவு கிடையாது. வீட்டிலிருந்து பணியிடத்துக்குப் போவது சொந்தப் பயணம். உன் பணியின் பெரும்பகுதி வகுப்பறையில் நடப்பதால் வீட்டு அறையும் கணக்கில் வராது. ஆசிரியர்கள் பிள்ளைகளுக்காகக் கைக்காசு போடுவதைச் சட்டம் கண்டுகொள்ளாதது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

தம்பி: எனக்குக் காப்பீட்டு விற்பனையில் அடிப்படைச் சம்பளம் குறைவு, கமிஷன்தான் அதிகம், பெரியப்பா.

பெரியப்பா: மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் கமிஷனாக வந்தால் சம்பளக்காரர்களுக்கான அந்த 23(எம்) தடை உனக்குப் பொருந்தாது, வேலைக்கான தொலைபேசி, எழுதுபொருள், வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் வண்டிச் செலவு எல்லாம் காட்டலாம். ஆனால் பயணக் குறிப்பேடு வேண்டும். மார்ச் முதல் தேதியிலும் பிப்ரவரி கடைசி நாளிலும் வண்டியின் கிலோமீட்டர் அளவையும், ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, எங்கிருந்து எங்கே, எதற்காக, எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அன்றன்றே எழுது.

தம்பி: ஒரு வரி முகவர் சார்ஸிடமிருந்து பெரிய தொகையைத் திரும்ப வாங்கித் தருவதாகவும், அதில் பங்கு வேண்டும் என்றும் சொல்கிறார்.

பெரியப்பா: வேண்டாம் தம்பி. இல்லாத செலவை அவர் எழுதினாலும் பொறுப்பு உன்னுடையது. சார்ஸ் பிறகு ஆதாரம் கேட்டால் வாங்கிய பணத்தோடு அபராதமும் வட்டியும் நீதான் கட்டுவாய். ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திரு.

அக்கா: என் அறையில் தையல் இயந்திரமும் இருக்கிறது பெரியப்பா. அதனால் வாடகையை விட்டுவிட்டு, மடிக்கணினியையும் நாற்காலியையும் மட்டும் எழுதுகிறேன்.

பெரியப்பா: சரிம்மா. ரசீதுகளைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு, கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.