டிவிடி வைத்திருப்பவர்கள் ப்ளூரே, 4கே டிஸ்க்குக்கு மாறத்தான் வேண்டுமா?

படப்பெட்டி கேட்டது:

வணக்கம். என்னிடம் 300 டிவிடி வரை இருக்கிறது. முக்கால்வாசி படங்கள், மீதி தொடர்கள். அதோடு வீட்டு விசேஷங்கள் பதிந்த டிவிடி-ஆர் ஒரு 20. பிளேயர் ரொம்பப் பழையது, மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் செருகும் வகை. டிவி மட்டும் புதிது: 55 அங்குலம், 4கே. உட்கார்ந்து பார்ப்பது இரண்டரை மீட்டர் தள்ளி.

ப்ளூரேயும் 4கே டிஸ்க்கும் வந்துவிட்டதால் டிவிடி வழக்கொழிந்துவிடுமா? இந்தப் பிளேயரிலேயே ஏதாவது மென்பொருள் ஏற்றி ப்ளூரேயை ஓட வைக்க முடியுமா? எல்லாவற்றையும் மறுபடி வாங்குவதா, இல்லை அடுத்து இன்னொன்று வரும்வரை பொறுப்பதா?

நீலக்கதிர்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவற்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. முடியாது. இது மென்பொருள் சம்பந்தப்பட்டதே இல்லை, லேசரும் லென்ஸும் சம்பந்தப்பட்டது. டிவிடி பிளேயரில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். டிஸ்க்கின் 1.2 மி.மீ. தடிமனில் 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும் தடத்தைப் படிக்கும்படி அதன் லென்ஸ் அமைந்திருக்கிறது. ப்ளூரேயில் தடம் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருக்கிறது. தடத்துக்குத் தடம் இடைவெளி டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர், ப்ளூரேயில் 0.32. அவ்வளவு நெருக்கத்தைப் பிரித்துப் படிக்க 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர் வேண்டும். சிவப்பு லேசரின் புள்ளி அங்கே இரண்டு மூன்று தடங்கள்மேல் ஒன்றாகப் படிந்து நிற்கும்.

மறுபக்கம் வழி திறந்திருக்கிறது. ப்ளூரே பிளேயரில் நீல லேசரோடு டிவிடிக்கான 650, சிடிக்கான 780 நானோமீட்டர் லேசர்களும் சேர்த்தே வருகின்றன. டிவிடியைப் படித்தாக வேண்டும் என்று தர விதிகள் கட்டாயப்படுத்தவில்லை, பரிந்துரை மட்டும்தான். இருந்தாலும் வீட்டுப் பிளேயர் செய்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதை வைத்துவிட்டார்கள். உங்கள் 300 டிஸ்க்கும் புதுப் பிளேயரில் ஓடும்.

டிவிடி இன்னும் சாகாததற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. விஎச்எஸ் கேசட்டை டிவிடி பிளேயருக்குள் போட வழியில்லை. பழையதா புதியதா என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டியிருந்தது. அதோடு டிவிடி கொண்டுவந்தது வெறும் தெளிவு மட்டும் இல்லை: சுற்றி ரீவைண்ட் செய்ய வேண்டாம், நினைத்த காட்சிக்குத் தாவலாம், பல மொழி ஒலி, சப்டைட்டில். எந்த டிவியிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. ப்ளூரே அதே 12 செ.மீ. வட்டம், கையாளும் முறையும் அதேதான். கூடியது படமும் ஒலியும் மட்டும், அதுவும் அதற்கேற்ற டிவி இருந்தால். பழையதைத் தூக்கிப்போடும் நெருக்கடி யாருக்கும் வரவில்லை.

ப்ளூரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடியின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006-இல் இரண்டும் ஒன்றாகக் களமிறங்கின. எச்டி டிவிடியில் தடம் டிவிடி போலவே 0.6 மி.மீ. ஆழத்தில் இருந்ததால், இருக்கிற தொழிற்சாலைகளைக் கொஞ்சம் மாற்றினாலே தயாரிக்க முடிந்தது. கொள்ளளவு ஓர் அடுக்கில் 15 ஜிபி, இரண்டடுக்கில் 30. ப்ளூரேயில் 25, 50. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் பட நிறுவனம் ப்ளூரே பக்கம் மட்டும் நிற்பதாக அறிவித்தது. பிப்ரவரி 19-இல் எச்டி டிவிடியை முன்னின்று நடத்திய தோஷிபா அதைக் கைவிடுவதாகச் சொல்லிவிட்டது. லேசர் ஒன்றுதான் என்றாலும் சாதாரண ப்ளூரே பிளேயர் எச்டி டிவிடியைப் படிக்காது. பழைய டிஸ்க் வாங்குபவர்கள் உறையைக் கவனித்துப் பார்த்து வாங்குங்கள்.

பொறுக்கலாமா என்றால், வேண்டாம். 4கே டிஸ்க் 2016-இல் வந்தது. அதற்குப்பின் 8கே படங்களுக்கென்று தனி டிஸ்க் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. டிஸ்க்குக்கு முன்னால் பிளேயர்தான் அருகிப்போகும். ஒப்போ 2018-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது, அடுத்த ஆண்டு சாம்சங் புது மாடல்கள் கொண்டுவருவதை நிறுத்தியது. டிஸ்க்கை ஓரங்கட்டியது இணைய ஒளிபரப்புதான், இன்னொரு டிஸ்க் அல்ல. கிடைக்கும்போதே நல்ல பிளேயர் ஒன்றை வாங்கி வையுங்கள். டிஸ்க்குகளை அதன்பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணளவு:

நீலக்கதிர் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். எதை மறுபடி வாங்குவது என்பது அதில் தெளிவாகிவிடும்.

சராசரிக் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். 55 அங்குல டிவியின் உயரம் ஏறத்தாழ 68 செ.மீ. அந்த உயரத்தில் 576 வரிகள் இருந்தால், அதாவது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய பால் (PAL) டிவி முறை டிவிடி, 4 மீட்டர் தூரம்வரை குறை கண்ணுக்குத் தெரியும். 1080 வரி ப்ளூரேயில் அந்த எல்லை 2.2 மீட்டர். 4கேயில் 1.1 மீட்டர். நீங்கள் உட்காருவது 2.5 மீட்டரில். அப்படியென்றால் டிவிடி மங்கலாக இருப்பது நிச்சயம் தெரியும், ப்ளூரே உங்கள் கண்ணுக்குப் போதுமானதைக் கொடுத்துவிடும், 4கேயின் கூடுதல் புள்ளிகள் அந்த இடத்திலிருந்து பெரும்பாலும் தெரியாது. 4கே டிஸ்க்கில் உங்களுக்குத் தெரியப்போவது எச்டிஆர் வெளிச்சமும் (இருளும் ஒளியும் அதிக வித்தியாசத்தோடு தெரிவது) 10 பிட் நிறமும் (நுண்ணிய நிறப்படிகள்). டிவியின் பிரகாசம் குறைவென்றால் அதிலும் பாதி போய்விடும். ஆகவே பொதுவாக ப்ளூரே, எச்டிஆர் நன்றாகச் செய்யப்பட்ட படத்துக்கு மட்டும் 4கே.

முதலில் மாற்ற வேண்டியவை, பெரிய டிவியில் நான்கு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும் பழைய டிவிடிகள். 4:3 சட்டத்துக்குள் அகலப் படத்தை அடைத்துப் பதிந்தவை அவை. 2.35 அகல விகிதப் படமென்றால் 576 வரியில் ஏறக்குறைய 327 வரிதான் படம், மீதி கறுப்பு. ஒழுங்காக விரித்துப் பதிந்த டிவிடியில் அதே படத்துக்கு 436 வரி கிடைக்கும். ஜூம் செய்து திரையை நிரப்பினால் இந்த இழப்பு இன்னும் பெரிதாகத் தெரியும்.

அடுத்து 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படங்கள். நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் டிவிடியில் இல்லாத துணியின் இழை, முடி, தூரத்து மரம் எல்லாம் வந்து நிற்கும். பால் டிவிடியில் நொடிக்கு 24 சட்டகப் படத்தை 25-ஆக ஓட்டியிருப்பார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரலும் பாட்டும் சுருதியில் சுமார் 4 சதவீதம் ஏறியிருக்கும். சிலவற்றில் சுருதியை மட்டும் திருத்தியிருப்பார்கள். ப்ளூரே 24-இலேயே ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை. பாட்டுக் கேட்கும் காது உள்ளவர்களுக்கு இதற்காகவே மாறலாம் என்பேன்.

வீடியோ டேப்பில் எடுத்த தொடர்களை மாற்றாதீர்கள். மூலத்திலேயே இருப்பது அவ்வளவு வரிதான். ப்ளூரே உறையில் வந்தாலும் அது ஊதிப் பெரிதாக்கிய படமாகத்தான் இருக்கும். சில படங்களின் ப்ளூரேயில் ஃபிலிம் துகளை அழிக்கிறேன் என்று முகத்தையும் மெழுகுபோல் வழித்து வைத்திருப்பார்கள். வாங்குமுன் அந்தப் பதிப்பின் திரைப்பிடிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. நான்கு பக்கக் கறுப்புப் பட்டை டிஸ்க்குகள் என்னிடம் நிறையவே இருக்கின்றன, அங்கிருந்தே தொடங்குகிறேன். இன்னொன்று: ஆம்ப் பழையது, ஆப்டிகல் உள்ளீடு மட்டும்தான். ப்ளூரே ஒலி வராதா? பிளேயருக்குப் பதில் கணினியில் டிரைவ் போட்டுப் பார்க்கலாமா?

ஒலிப்பிரியன்:

ஒலி வரும், பயப்படாதீங்க. ஆப்டிகல் வயரில் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாதிரியான இழப்பில்லாத பலவழி ஒலி போகாது. ஆனா ட்ரூஎச்டி இருக்கிற ப்ளூரேயில் கூடவே சாதாரண டால்பி டிஜிட்டலும் வைத்திருப்பாங்க, 640 கேபிபிஎஸ் வரை. டிவிடியில் அது 448-ஐத் தாண்டாது. டிடிஎஸ்-எச்டியின் உள்ளேயே சாதாரண டிடிஎஸ் இருக்கு. பிளேயர் அதை எடுத்து அனுப்பும். பழைய ஆம்பிலேயே டிவிடியைவிடக் கொஞ்சம் நல்லாக் கேட்கும். பிசிஎம் 5.1 (சுருக்காத பலவழி ஒலி) மட்டும் வைத்திருக்கும் டிஸ்க் என்றால் ரெண்டு சேனலாகச் சுருங்கிடும், இல்லேன்னா பிளேயரை மறுகுறியீடு செய்ய விட வேண்டிவரும். ஆப்டிகல் துளை எல்லாப் பிளேயரிலும் இல்லை, வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்க.

பிளேயர் அமைப்பில் பார்க்க வேண்டியவை: ஒலி வெளியீடு பிட்ஸ்ட்ரீம் (டிஸ்க்கில் இருக்கிற ஒலியைப் பிரிக்காமல் ஆம்புக்கு அனுப்புவது). இரண்டாம் ஒலிக் கலப்பு ஆஃப். அது ஆனில் இருந்தா மெனு சத்தத்தையும் கலந்து ஒலியை மறுபடி சுருக்கி அனுப்பும், பலபேர் ஏமாறுவது இங்கேதான். 24 சட்டக வெளியீடு ஆட்டோ.

4கே பிளேயர் என்றால் எச்டிஎம்ஐ வயரை நேரா டிவிக்கே கொடுங்க. எச்டிஎம்ஐ உள்ள பழைய ஆம்ப் ஏதாவது நடுவில் வந்தா எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு ஒத்துப்போகாமல் படம் 1080-க்கு இறங்கிடும், இல்லேன்னா திரை கறுப்பாகவே நிற்கும். டிவியில் அந்தக் குறிப்பிட்ட எச்டிஎம்ஐ துளைக்கு விரிவாக்கப்பட்ட சிக்னல் அமைப்பை ஆன் செய்யணும். பல டிவிகளில் அது ஆஃபில்தான் வரும், எச்டிஆர் ஏன் வரலைன்னு தேடிக்கிட்டே இருப்பீங்க. வயர் 2 மீட்டருக்குள், 18 ஜிபிபிஎஸ் சான்று பெற்றது போதும்.

கணினி வழி 4கே டிஸ்க்குக்கு எடுபடாது. அதன் பூட்டுக்கு இன்டெல் செயலியில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பகுதி தேவை. 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளிலேயே அதை எடுத்துவிட்டாங்க. சாதாரண ப்ளூரேக்கு உரிமம் உள்ள மென்பொருள் வாங்கினா ஓடும்.

மண்டலக் குறியும் பாருங்க, எந்தப் பகுதி நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும்னு காட்டுவது அது. ப்ளூரேயில் ஏ, பி, சி. டிவிடியில் ஒன்று முதல் ஆறு. 4கே டிஸ்க்கில் மண்டலமே கிடையாது. உங்க டிவிடிகள் எந்த மண்டலம்னு உறையில் பார்த்துட்டு அதுக்கு ஏற்ற பிளேயரை வாங்குங்க.

நீலக்கதிர்:

துடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிவிடியின் பரப்பில் லேசர் கற்றை சுமார் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு விழும், ப்ளூரேயில் 0.13 மி.மீ. அளவுதான். டிவிடி கண்டுகொள்ளாத ஒரு தூசு ப்ளூரேயில் கற்றையையே மறைத்துவிடும். மூன்றடுக்கு 100 ஜிபி டிஸ்க் ஒரே இடத்தில் உறைந்து நின்றால் முதல் சந்தேகம் விரல்ரேகைமேல் போகட்டும். மைக்ரோஃபைபர் துணியை இரண்டு சொட்டு சோப்பு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு நீளவாக்கில் விழும், பிழைதிருத்தம் அதைச் சமாளிக்காது. டிவிடியைத் தேய்த்துக் கீறல் எடுக்கும் இயந்திரத்தில் ப்ளூரேயைப் போடவே கூடாது. தடத்தை மூடியிருக்கும் அந்த 0.1 மி.மீ. அடுக்கையும் மேலே இருக்கும் கடினப் பூச்சையும் அது அரித்துவிடும். துடைத்தும் அதே நொடியில் நின்றால் பிளேயரின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பித்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் அது பெரும்பாலும் டிஸ்க்கின் அச்சுக் குறை, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காப்பகம்:

எல்லோரும் படங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த 20 டிவிடி-ஆர்தான் கவலை. கடையில் வாங்கிய டிவிடி அச்சில் அழுத்தியது. டிவிடி-ஆர் கரிமச் சாயத்தில் பதிந்தது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும். படத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம், விசேஷ வீடியோவை வாங்க முடியாது. புதுப் பிளேயர் வாங்குவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

ரெக்கார்டரில் பதிந்து இறுதிப்படுத்தாமல் (ஃபைனலைஸ் செய்யாமல்) விட்ட டிஸ்க் இருந்தால், அதே ரெக்கார்டரில் போட்டு முதலில் இறுதிப்படுத்துங்கள். பிறகு கணினி டிரைவில் ஒவ்வொன்றையும் முழு ஐஎஸ்ஓ பிம்பமாக (டிஸ்க்கின் அச்சுப்படியான ஒரே கோப்பாக) எடுங்கள். படிக்க முரண்டு பிடிப்பதற்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது: முதலில் எளிதாக வரும் பகுதிகளை எடுத்துவிட்டு, வராத இடங்களுக்குத் திரும்பி வரும். பதிவுக் கோப்பு ஒன்றை வைத்திருப்பதால் அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவது சகஜம்.

எம்பி4-ஆக மாற்றிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். 1080-க்குப் பெரிதாக்கவும் வேண்டாம். இல்லாத விவரம் வரப்போவதில்லை, இருப்பதும் கலையும்.

ஓரடுக்கு டிவிடி-ஆர் அதிகபட்சம் 4.7 ஜிபி, ஐந்து சேர்ந்தால் 23.5. ஒரு 25 ஜிபி பிடி-ஆரில் (பதியக்கூடிய ப்ளூரே) ஐந்து அடங்கும், 20-க்கு நான்கு டிஸ்க். பிடி-ஆர் வாங்கும்போது உறையில் எல்டிஎச் என்று இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் கரிமச் சாயம்தான். எச்டிஎல் வகையில் பதிவு அடுக்கு கனிமப் பொருள், அது நிலைக்கும். சோனி 2025 பிப்ரவரியில் பதிவு ப்ளூரே தயாரிப்பை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் இன்னும் செய்கிறார்கள், இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

4 மடங்கு வேகத்தில் எழுதி, எழுதியபின் சரிபார்ப்பை ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பிரதி, வேறு வேறு வீட்டில் வைப்பது நல்லது. ஹார்டு டிஸ்க்கில் மூன்றாவது. மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், எடை சமன் கெட்டு அதிரும். நடுவளையத்தில் நீர் மை பேனாவால் எண் மட்டும் எழுதி, பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எழுதிய டிரைவில் இல்லாமல் வேறொன்றில் போட்டு முழுதும் படிக்க வையுங்கள். வேகம் எங்காவது தட்டுத்தடுமாறினால் அன்றே புதுப் பிரதி எடுத்துவிடுங்கள்.