ஞாயிறு நுவரெலியா: மத்தியானச் சாப்பாடு எங்கே?

குழு: மலைநாட்டுச் சொந்தங்கள்

வெள்ளி, மாலை

நான்: ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் உறுதியாகிவிட்டது. காலை 6.30க்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் முன்னால் நிற்கும். தலவாக்கலையில் மாமா வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு நானுஓயா வழியாகப் போகிறோம். முதலில் சீத்தா எலிய அம்மன் கோவில், அப்புறம் ஹக்கலை பூந்தோட்டம், திரும்பி நுவரெலியா டவுன். தங்கச்சிக்குச் சீலியாக் நோய், கோதுமை கொஞ்சமும் ஆகாது என்பதால் மத்தியானச் சாப்பாடு மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

ஹட்டன் அத்தை: இதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது? கோவிலுக்குப் போய்விட்டு மச்சக் கடைக்கா போவது? டவுனில் சைவக் கடை இருக்கிறதே. தோசை, வடை, சாம்பார் எல்லாம் சூடாகக் கிடைக்கும்.

தலவாக்கலை மாமா: எனக்கு நெய்த் தோசை. இப்போதே சொல்லிவிட்டேன்.

தங்கச்சி: நான் வாழைப்பழம் கொண்டுவருகிறேன். நீங்கள் சாப்பிடுங்கள்.

அம்மா: ஏன்டி இப்படிப் பேசுகிறாய்? எல்லாரும் சாப்பிடும்போது நீ பழத்தோடு உட்கார்ந்திருந்தால் எங்களுக்குத் தொண்டையில் இறங்குமா?

ஹட்டன் அத்தை: தோசை என்றால் அரிசியும் உளுந்தும் தானே பாப்பா? அதில் கோதுமை எங்கே வந்தது?

நர்ஸ் அக்கா: நீங்கள் வீட்டில் சுடுவது அப்படி, அத்தை. கடையில் கோதுமை மாவும் சேர்த்துக் கரைப்பது நம் நாட்டில் நிறைய நடக்கிறது. அப்பத்திலும் அதே கதை. பிட்டு என்றால் கேட்கவே வேண்டாம். இடியப்பம் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் கோதுமை மாதான். சிவப்பாக இருந்தாலும் கேட்காமல் நம்ப முடியாது.

ஹட்டன் அத்தை: இடியப்பத்துக்கு மாவை அவித்துத்தானே எடுக்கிறோம். அவித்த பிறகுமா?

நர்ஸ் அக்கா: அவித்தாலும் வறுத்தாலும் குளூட்டன் போகாது. சூட்டில் சாக அது கிருமி இல்லையே. கோதுமையிலும் பார்லியிலும் ரை என்கிற தானியத்திலும் இயல்பாகவே இருக்கிற புரதம். சீலியாக் உள்ளவர் சாப்பிட்டால் அவருடைய சொந்த எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சுவதற்காக அங்கே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை தேய்ந்து தட்டையாகிவிடும். எத்தனை இரும்பு மாத்திரை கொடுத்தும் இவளுக்கு இரத்தம் ஏறாமல் இருந்தது அதனால்தான்.

தலவாக்கலை மாமா: ஒரு நாள் தானே? கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?

தங்கச்சி: மாமா, உங்களுக்குச் சீனி வருத்தம். கோவில் நாள் என்று லட்டுக் கொடுத்தால் சாப்பிடுவீர்களா?

தலவாக்கலை மாமா: சாப்பிடுவேன்.

தலவாக்கலை அத்தை: சாப்பிடுவார். அதைச் சொல்லித்தான் கிளினிக்கில் நான் ஏச்சு வாங்குகிறேன்.

நர்ஸ் அக்கா: மாமா, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பாருங்கள். ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும், சிலதில் அதைவிட அதிகம். நாளுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடல் கெடுவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்து ஒரு பங்கை எடுத்தால் அதுதான் 50. ரொட்டி போட்ட கல்லில் ஒட்டியிருக்கிற தூளும் கணக்கில் வரும். வயிறு வலிக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே கெடும்.

கண்டி சித்தப்பா: பாடம் நடத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தக் கோதுமை விஷயம் உறுதியானதில் ஒரு பஞ்சத்துக்குப் பங்கு உண்டு. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். அவருக்குக் கோதுமை மேல் ஏற்கனவே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தால் ஊரே பட்டினி. பாண் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் மெலிகிறபோது இந்த நோய்க்காரப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் இதைத் தன் ஆய்வேட்டில் எழுதினார்.

தங்கச்சி: பஞ்சம் வேண்டாம் சித்தப்பா. எனக்குச் சோறு போதும் 😄

கண்டி சித்தப்பா: அதுவும் சரிதான். ஆனால் நம் லயத்தில் காலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி. அங்கே பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் வந்தால் கண்டுபிடிக்க யாருக்குத் தோன்றும்? சோகை என்றதும் பூச்சி மருந்தைத்தான் கொடுப்பார்கள்.

மச்சான்: எல்ல ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர் வருகிற கடைகளில் குளூட்டன் ஃப்ரீ பான்கேக் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று நுவரெலியாவிலும் இருக்கும். தேடட்டுமா?

தங்கச்சி: போர்டு இருப்பது நல்லதுதான், சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. போன மாதம் ஒரு கடையில் மெனுவிலேயே அந்த அடையாளம் போட்டிருந்தார்கள். வெயிட்டரும் தலையை ஆட்டினார். நான் எழுந்து குசினி வாசலுக்குப் போய்ச் சமையல்காரரிடமே கேட்டேன். அவர் பாவம், ஒளிக்காமல் சொன்னார்: உருளைக்கிழங்கைப் பொரிப்பது ரோல்ஸும் கட்லட்டும் பொரிக்கிற எண்ணெயிலாம். ஃப்ரைட் ரைஸில் சோயா சோஸ், அதிலும் கோதுமை. டெவில் செய்வது மாவில் புரட்டிப் பொரித்தாம். கடைசியில் அவரே அவித்த முட்டையும் வெள்ளைச் சோறும் தேங்காய்ச் சம்பலும் தந்தார். வெயிட்டரிடம் கேட்பதை நான் விட்டுவிட்டேன். கரண்டி பிடிக்கிறவரிடம் மட்டும்தான் கேட்பேன்.

மச்சான்: அப்போ கொத்து? இடியப்பக் கொத்து போடுவார்களே.

தங்கச்சி: அதே கல், அதே தகடு. முன்னால் போட்ட பராட்டா அங்கேதான் ஒட்டியிருக்கும்.

நான்: எனக்குத் தெரிந்து இவளுக்கு எளிதாக ஒத்துவருவது சிங்கள ஆட்களின் சோற்றுக் கடைதான். சோறு, பருப்பு, மல்லுங் என்கிற கீரைச் சுண்டல், போஞ்சிக் கறி. கறிகளில் மா போடுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை. பெருங்காயமும் இல்லை. பப்படத்தையும் பொரியலையும் விட்டுவிட்டால் போதும்.

ஹட்டன் அத்தை: கோவில் நாளில் மாசிக் கருவாடு போட்ட சம்பலா? நான் வரவில்லை.

ஹட்டன் அத்தை: நில். பெருங்காயத்துக்கு என்ன வந்தது?

நர்ஸ் அக்கா: கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் தனிப் பெருங்காயம் இல்லை அத்தை. பிசினோடு மா கலந்துதான் செய்கிறார்கள், பல டப்பாக்களில் அது கோதுமை மா. அதனால்தான் சாம்பார், ரசம், மோர் எல்லாமே இவளுக்குச் சந்தேகம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

ஹட்டன் அத்தை: 📷 படம்

ஹட்டன் அத்தை: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பொடி எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது. இதென்னடா அநியாயம், பெருங்காயத்திலுமா கோதுமை!

தலவாக்கலை அத்தை: அப்படியென்றால் சைவக் கடைதான் இவளுக்குக் கஷ்டமான இடமா?

தங்கச்சி: ஆமா அத்தை. வடையில் மா கலந்திருக்கலாம், கேசரி ரவை, பாயசத்தில் சேமியா. எல்லாம் கோதுமை. மீனுக்குப் பயந்தவர்களுக்குத்தான் சைவக் கடை நிம்மதி. எனக்கு அங்கே நுழைந்தாலே படபடப்பு.

நான்: சரி, அத்தையையும் விட முடியாது, இவளையும் விட முடியாது. சைவக் கடைக்கே நாளைக்கு நான் போன் பண்ணிப் பேசுகிறேன். மத்தியான நெரிசலில் எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஆமா என்றுதான் சொல்வார்கள். மூன்று மணிக்கு மேல் எடுக்கிறேன், முதலாளி கொஞ்சம் ஓய்வாக இருப்பார்.

சனி

நான்: பேசினேன். முதலாளி நல்ல மனிதர். 'சீலியாக்' என்றதும் புரியவில்லை, 'குளூட்டன்' என்றதும் புரியவில்லை. 'கோதுமை மா கொஞ்சம் பட்டாலும் பிள்ளைக்குக் குடல் புண்ணாகிவிடும்' என்று சொன்னதும் சமையல்காரரைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்துவிட்டார்.

கண்டி சித்தி: அலர்ஜி என்று சொல்லியிருக்கலாமே? அது எல்லாருக்கும் தெரியும்.

தங்கச்சி: அப்படிச் சொன்னால் 'பிரிட்டன் (Piriton) அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்ளலாம்' என்று அவர்களே வைத்தியம் சொல்கிறார்கள் சித்தி. இதற்கு அந்த மாத்திரையால் ஒரு பயனும் இல்லை.

நான்: சமையல்காரர் சொன்னது: தோசை மாவில் கோதுமை மா கலப்பது உண்டு. சாம்பாருக்கு டப்பாப் பெருங்காயம். சோறு தனிப் பானை, அதில் எதுவும் சேர்ப்பதில்லை. பருப்பைத் தாளிப்பதற்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் எடுத்துவைப்பார். கரட்டும் போஞ்சியும் தேங்காய்ப்பால் கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல் புதுச் சட்டியில், கடுகும் கறிவேப்பிலையும் மட்டும். தயிர் சட்டியோடு அப்படியே தருவார்.

அம்மா: கடவுளே, அந்த மனிதருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

நான்: ஒரு நிபந்தனை போட்டார். 11.30க்கே வர வேண்டுமாம். அதற்குப் பிறகு கூட்டம் வந்துவிட்டால் ஒரே கரண்டி எல்லா வாளியிலும் விழும், தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். எனக்கு அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை வந்தது. 'பிரச்சினையே இல்லை' என்று சொல்கிற ஆளைவிட இப்படிச் சொல்கிற ஆள் மேல்.

தலவாக்கலை மாமா: 11.30க்கா? அப்படியென்றால் ஹக்கலை?

நான்: சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். அரை மணித்தியாலம்கூட ஆகாது.

கண்டி சித்தி: இந்தா, கேட்டபடி அட்டை எழுதிவிட்டேன். ஒரு பக்கம் சிங்களம், ஒரு பக்கம் தமிழ். 📷 படம்

தங்கச்சி: சித்தி, நன்றி! பார்க்க முடியாதவர்களுக்காகத் தமிழ்ப் பக்கம்: "கோதுமை மா, ரவை, சேமியா, பாண் தூள், பார்லி, மால்ட், சோயா சோஸ், டப்பாப் பெருங்காயம் எதுவும் எனக்கு ஆகாது. கொஞ்சம் பட்டாலும் குடல் பாதிக்கும். சுத்தமாகக் கழுவிய சட்டி, கரண்டி, புது எண்ணெய் பாவித்தால் பெரிய உதவி. அரிசி, பருப்பு, மரக்கறி, முட்டை, தயிர், தேங்காய் எல்லாம் சாப்பிடுவேன்."

கண்டி சித்தப்பா: கடைசி வரி நன்றாக இருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் சமைக்கிறவர் பயந்துவிடுவார்.

நான்: வழியில் தேத்தண்ணிக்கு நிறுத்துவோம். இவளுக்குப் பிளேன்டீ. பாசத்தில் யாரும் மைலோ, நெஸ்டோமோல்ட் வாங்கிக் கொடுக்காதீர்கள், இரண்டிலும் பார்லி மால்ட்.

மச்சான்: என் பையன் விஷயத்தையும் சொல்லிவைக்கிறேன். அவனுக்கு இறால் ஆகாது. கிரகரி வாவிப் பக்கம் போனால் இறால் வடைக்காரர் இருப்பார். அவரிடம் சும்மா பருப்பு வடை வாங்கித் தரலாமா?

தங்கச்சி: அதே எண்ணெய், மச்சான்.

நர்ஸ் அக்கா: வேண்டாம். இது இவளுடைய நோய் மாதிரி மெதுவாக வருவது இல்லை, நிமிடத்தில் வரும். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்துத் துவண்டாலோ பிரிட்டனைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அட்ரினலின் ஊசிதான் மருந்து. உடனே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். கடைச் சம்பலில் கூனி இறால் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பொடியாக அரைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

மச்சான்: சரி. அவனுக்குச் சோளம் வாங்கித் தருகிறேன். அவித்தது.

நர்ஸ் அக்கா: அப்புறம் ஒன்று. அம்மாவும் அண்ணனும் இன்னும் சோதனைக்கு இரத்தம் கொடுக்கவில்லை. கூடப்பிறந்தவர்கள், பெற்றவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம். சோதனை முடியும்வரை பாணையும் ரொட்டியையும் நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுக் கொடுத்தால் நோய் இருந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகும்.

அம்மா: திங்கட்கிழமை போகிறோம்.

ஹட்டன் அத்தை: நான் வீட்டிலிருந்து சவ்வரிசிப் பாயசம் காய்ச்சிக் கொண்டுவருகிறேன். சேமியா போடவில்லை. ஏலக்காய், தேங்காய்ப்பால், சர்க்கரை மட்டும். கரண்டியும் தனியாகக் கொண்டுவருகிறேன், யாரும் அதைத் தொடாதீர்கள்.

தங்கச்சி: அத்தை ❤️

தலவாக்கலை மாமா: எங்களுக்கும் உண்டா, பாப்பாவுக்கு மட்டும்தானா?

ஹட்டன் அத்தை: உங்களுக்குச் சீனி.

தலவாக்கலை அத்தை: நர்ஸ் பிள்ளை, ஒன்று கேட்கட்டுமா? பக்கத்து லயத்தில் ஒரு சின்னப் பொண்ணு. வயசுக்கு வளரவேயில்லை. வயிறு மட்டும் ஊதியிருக்கிறது, எப்போதும் சோர்வு. இரும்பு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். என்ன சோதனை என்று கேட்கச் சொல்ல வேண்டும்?

நர்ஸ் அக்கா: டிடிஜி (tTG) என்று ஒரு இரத்தச் சோதனை, அத்தை. அதோடு மொத்த ஐஜிஏ (total IgA) அளவும். இதே நோய்தான் என்று நாமாக முடிவு பண்ணி ரொட்டியை நிறுத்த வேண்டாம். அந்தப் பொண்ணின் அம்மாவிடம் போனைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். இரவு எட்டுக்கு டியூட்டி முடியும், அதற்குப் பிறகு எடுங்கள்.