ஆளுக்கு ஒரு வாக்கு: நியாயமா, நாடகமா?

கணக்கப்பிள்ளை:
"உணவுத் தொழிலை விளைவிப்பவர், உண்பவர் கையிலேயே கூட்டுறவாகக் கொடுத்துவிட்டால் அநியாயம் தானாக ஒழிந்துவிடும். ஆளுக்கு ஒரு வாக்கு இருக்கிற இடத்தில் ஏமாற்று நுழையாது" என்று மேழி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒருவர் சங்கத்தில் நாளுக்கு இரண்டு லிட்டர் பால் ஊற்றுகிறார். இன்னொருவர் இருநூறு லிட்டர் ஊற்றுகிறார். சங்கம் கவிழ்ந்தால் முதலாமவருக்குச் சிராய்ப்பு, இரண்டாமவருக்குக் கழுத்து முறியும். இருவருக்கும் ஒரே வாக்கு. இதற்கா நியாயம் என்று பெயர்?

மேழி:
கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டாலே ஐயாவுக்கு வியர்த்துவிடுகிறது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 ஏழை நெசவாளிகள் ஆளுக்கு ஒரு பவுண்டு பங்கு போட்டு, டிசம்பர் 21 அன்று ஒரு கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் என்று ஒரு கைப்பிடிச் சரக்கு. மாவில் கலப்படம் செய்து விற்பது அன்றைக்குச் சர்வ சாதாரணம். இவர்கள் கலப்படமில்லாமல், சரியான எடையில், கடன் கொடுக்காமல் விற்றார்கள். லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். வாக்கை மட்டும் அப்படிப் பிரிக்கவில்லை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒரே வாக்கு. உலகமே பின்பற்றிய வழி அது. உங்களுக்கு மட்டும் நாடகமாகத் தெரிகிறது.

கணக்கப்பிள்ளை:
28 பேரும் நெசவாளிகளா? யார் சொன்னது? நெசவோடு தொடர்பே இல்லாத கைத்தொழிலாளர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கண்ணீர்க் கதைக்கு வசதியாக எல்லோர் கையிலும் தறியைத் திணித்துவிட்டீர்கள். அது போகட்டும். அதிகம் வாங்கியவருக்கு அதிக லாபம் என்பதை நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். லாபத்தில் அளவு பார்க்கலாம், வாக்கில் பார்க்கக் கூடாதா? இருநூறு லிட்டருக்குப் பதில் வரவில்லை.

தராசு:
இருவருக்கும் ஒரு சிறு விளக்கம். ராச்டேல் கடை வாங்குபவர்களின் கூட்டுறவு. பால் சங்கம் விற்பவர்களின் கூட்டுறவு. முன்னதில் உறுப்பினர் விலை குறைய வேண்டும் என்பார், பின்னதில் விலை ஏற வேண்டும் என்பார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் முள் எப்படி நிற்கும்? எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே.

கணக்கப்பிள்ளை:
தராசு ஐயா, அதைப் பிறகு பார்க்கலாம். மேழி பதில் சொல்லட்டும். இரண்டு லிட்டர், இருநூறு லிட்டர்.

மேழி:
சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் சங்கம் தொடங்கியபோது இரண்டே கிராமச் சங்கங்கள், நாளுக்கு 247 லிட்டர். திரிபுவன்தாஸ் படேல் முன்னின்றார், 1949-இல் பொறியாளர் வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தார். அதுதான் இன்றைய அமுல். அங்கே பாலுக்குப் பணம் அளவையும் கொழுப்பையும் பார்த்து. வாக்கு தலையைப் பார்த்து. இருநூறு லிட்டர்காரர் இரண்டு லிட்டர்காரரைவிட நூறு மடங்கு பணம் வாங்கிக்கொண்டுதான் போகிறார். பணமும் நூறு மடங்கு, வாக்கும் நூறு மடங்கு என்றால் அதற்குக் கம்பெனி என்று ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு பெயர் எதற்கு?

உழக்கு:
மேழி, இதற்கு ஒரு சபாஷ்.

கணக்கப்பிள்ளை:
உழக்கு வந்துவிட்டார். போன மாதம் விதை விவாதத்தில் மேழிக்கு ஆள் குறைந்தபோதும் இவர்தான் வந்தார். தாளம் போடுகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம்.

உழக்கு:
அந்த விவாதத்தில் யார் தன் பதிவைத் தானே அழித்துவிட்டு ஓடினார் என்பதையும் எழுதட்டுமா?

கணக்கப்பிள்ளை:
பிழை திருத்துவதற்காக அழித்தேன். திருத்தியதை மறுபடி போட்டேன். படிக்கிற பழக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெண்ணிலா:
நான் சில ஆண்டுகள் ஒரு கூட்டுறவுக் கடையில் உறுப்பினராக இருந்தேன். பெயர் வேண்டாம். ஆண்டுக் கூட்டத்துக்குப் பத்தில் ஒருவர் வந்தால் அதிகம். முன்வரிசை முழுக்கச் செயலாளரின் சொந்தபந்தம். கணக்கு அறிக்கையைக் கூட்டம் முடிந்த பிறகுதான் கையில் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு இருந்தது, உண்மைதான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் இருவரும் வாக்கை எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள். கூட்டம் வேலை நேரத்தில் நடந்தால் யார் வருவார், கணக்கு யாருக்குப் புரியும் என்று ஒருவராவது கேட்கிறீர்களா?

கணக்கப்பிள்ளை:
வெண்ணிலா அம்மா என் கட்சி. நன்றி.

வெண்ணிலா:
நான் யார் கட்சியும் இல்லை.

கணக்கப்பிள்ளை:
இன்னொன்று. அமெரிக்காவில் 1922-இல் விவசாயிகள் சேர்ந்து விற்பதற்கென்று கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் வந்தது. அதில் இரண்டு வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பங்குக்கான ஈவு ஆண்டுக்கு 8 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "அல்லது" என்ற சொல்லைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும். 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு வகுத்த கொள்கையிலும் சம வாக்கு என்பது அடிமட்டச் சங்கத்துக்குத்தான் கட்டாயம். மேல்மட்ட ஒன்றியங்கள் ஜனநாயக முறையில் நடந்தால் போதும். உலகமே பின்பற்றிய வழியாம்! ராச்டேல்காரர்களின் கதையையே முழுதாகச் சொல்லுங்கள். அதே முன்னோடிகள் 1854-இல் பஞ்சாலை தொடங்கினார்கள், லாபத்தில் தொழிலாளருக்கும் பங்கு கொடுத்தார்கள். புதிதாக வந்த பங்குதாரர்கள் 1862-இல் வாக்கெடுத்து அதை நிறுத்திவிட்டார்கள். வாக்கெடுத்து!

மேழி:
அது ஆலை. நாம் பேசுவது உணவு.

கணக்கப்பிள்ளை:
ஓ, இப்போது மட்டும் தராசு சொன்ன வகை பிரிப்பு தேவைப்படுகிறதா? சரி, உணவுக்கே வருகிறேன். கனடாவில் சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டுறவு 1924-இல் விவசாயிகளே கட்டியது. 1996-இல் பங்குச் சந்தைக்குப் போனது. கடனில் தடுமாறி, 2005-இல் கூட்டுறவு என்ற அடையாளமே போனது. பிறகு விடெரா என்று பெயர் மாறி, 2012-இல் கிளென்கோர் என்ற பன்னாட்டு வணிக நிறுவனம் வாங்கியது. ஆளுக்கு ஒரு வாக்கு எங்கே போனது?

மேழி:
சந்தைக்குப் போனதால்தான் போனது! வெளியார் பணம் உள்ளே வந்தால் வீட்டுக்காரன் திண்ணைக்குப் போவான். நான் சொல்வதும் அதைத்தானே?

கணக்கப்பிள்ளை:
சந்தையில் விற்றவை வாக்குரிமை இல்லாத பங்குகள் ஐயா. வாக்கு விவசாயிகளிடமேதான் இருந்தது. வாக்கும் இருந்தது, கடனும் வளர்ந்தது.

தராசு:
அப்படியென்றால் சிக்கல் வாக்கில் இல்லை, முதலீட்டை எங்கிருந்து திரட்டுவது என்பதில் இருக்கிறது. உறுப்பினர் போடும் சிறு பங்கை வைத்துக்கொண்டு குளிர்பதனக் கிடங்கு கட்ட முடியாது. லாபத்தில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் பொது நிதியாக வைப்பது பற்றி

கணக்கப்பிள்ளை:
தராசு ஐயா வாக்கியத்தை முடிக்காமலே அனுப்பிவிட்டார். மேழி, நெசவாளிகள் விஷயத்தில் தவறு என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் அடுத்ததற்குப் போவேன்.

மேழி:
பெரும்பாலோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28-ஐ விட்டால் உங்களுக்குப் பிழைப்பு இல்லை போலும். எனக்கு வேலை இருக்கிறது. இந்த விவாதத்திலிருந்து விலகுகிறேன்.

உழக்கு:
நல்ல முடிவு. சுவரோடு பேசலாம், இவரோடு முடியாது.

வெண்ணிலா:
கூட்டம் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மேழி:
விலகுவதற்கு முன் ஒன்று மட்டும். அந்த இருநூறு லிட்டர்காரர் யார்? மூன்று பக்கமாக அவருக்காக இவ்வளவு உருகுகிறீர்களே, உங்கள் மைத்துனரா?

கணக்கப்பிள்ளை:
விலகுகிறேன் என்றவர் விலகவில்லை. மைத்துனர் கதை வேண்டாம். "பெரும்பாலோர்" என்பதற்கும் கணக்கு வேண்டும். 28-இல் எத்தனை பேர்?