பொருள்: சூப்பர்சார்ஜருக்குத் தமிழ்ச்சொல் – 'துருத்தி'யை அடிச்சொல்லாக வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபோர்டு தண்டர்பேர்டு சூப்பர் கூப்பே என்ற காரைப் பற்றி நான் எழுதும் கட்டுரை, இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர் என்ற இந்த ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த இழையில் இதுவரை மீயூட்டி, மிகையூட்டி, காற்றமுக்கி, வார்த்துருத்தி என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் கட்டுரையின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். நான்காவதில் உள்ள 'துருத்தி'யை எடுத்துக்கொண்டு, பெல்ட்டைக் குறிக்கும் 'வாரை' விட்டுவிடலாம் என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கார். 1988 வரை தண்டர்பேர்டில் இருந்த வேகமான வகைக்கு டர்போ கூப்பே என்று பெயர். 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ (கழிவுவாயுவின் விசையில் சுற்றிக் காற்றைத் தள்ளும் கருவி). 1989 மாடலில் வண்டியையே புதிதாக வடிவமைத்தார்கள். பின்சக்கர இயக்கம் அப்படியே இருக்க, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. வேகமான வகைக்குச் சூப்பர் கூப்பே என்று பெயர் மாறியது. உள்ளே 3.8 லிட்டர் வி6, அதன் தலையில் ஈட்டன் நிறுவனத்தின் எம்90 சூப்பர்சார்ஜர். அதே 3.8 லிட்டர் இன்ஜின் சாதாரண தண்டர்பேர்டில் 140 குதிரைத்திறன் தந்தது, சூப்பர் கூப்பேயில் 210. 'டர்போ' போய் 'சூப்பர்' வந்ததிலேயே அந்த வண்டியின் தொழில்நுட்ப வரலாறு பாதி அடங்கிவிடுகிறது. தமிழில் படிப்பவருக்கும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். இரண்டையும் 'மிகையூட்டி' என்ற ஒரே சொல்லால் சொன்னால் இந்த இடத்தில் கட்டுரை ஊமையாகிவிடும்.

'கூப்பே' அப்படியே இருக்கட்டும். ரயிலில் இருவர் படுக்கும் முதல் வகுப்பு அறையைக் கூப்பே என்று சொல்லித் தமிழர்களுக்கு அது பழகிய சொல்தான். எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் சூப்பர்சார்ஜரை அப்படி விட முடியாது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் மின்சாரக் காருக்கு வேகமாக மின்னேற்றும் நிலையம்தான் நினைவுக்கு வரும். டெஸ்லா தன் நிலையங்களுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. 'சார்ஜ்' என்றால் தமிழில் கைபேசிக்குப் போடுவது என்று ஆகிவிட்டது. இன்ஜின் பேச்சில் சார்ஜ் என்பது ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரிபொருளும். அந்தக் காற்றை, இன்ஜின் தானாக இழுப்பதைவிட அதிகமாக உள்ளே தள்ளுவதுதான் இந்தக் கருவியின் வேலை. மீயூட்டி, மிகையூட்டி இரண்டிலும் எதை ஊட்டுகிறது என்பதே இல்லை. 'மிகை' என்பதில் தேவைக்கு மேல் என்ற குறிப்பும் ஒட்டிக்கொள்கிறது. இங்கே போகும் காற்று எதுவும் தேவைக்கு மேல் இல்லை.

காற்றமுக்கி என்று சொன்ன நண்பருக்கு ஜெர்மன் மொழி துணை இருக்கிறது. மெர்சிடீஸ் 1920களிலிருந்தே இதைக் 'கொம்ப்ரெசோர்' என்றுதான் சொல்லிவந்தது. ஆனால் எம்90 எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அந்தச் சொல் பொருந்தவில்லை. ஒரு கூட்டுக்குள் இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றிலும் மூன்று மடல்கள். ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிர்த் திசையில் சுற்றும். மடலுக்கும் கூட்டின் சுவருக்கும் இடையில் அகப்பட்ட காற்றை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அப்படியே கொண்டுபோய்க் கொட்டும். உள்ளே அமுக்குவது நடப்பதே இல்லை. வெளியே போன காற்றை இன்ஜின் விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த காற்று வந்து சேர்வதால்தான் அழுத்தம் ஏறுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். பெயரில் உள்ள 90 என்பது ஒரு சுற்றுக்கு 90 கன அங்குலம், சுமார் ஒன்றரை லிட்டர் காற்று. நான்கடி (ஃபோர்-ஸ்ட்ரோக்) இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுதாக நிரம்பும் என்பதால், 3.8 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு விழுங்கக்கூடியது 1.9 லிட்டர். பெல்ட் வழியாக எம்90 இன்ஜினின் கிராங்க் தண்டைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் சுற்றுகிறது. ஆக, விழுங்க முடிவது 1.9 லிட்டர், வந்து சேர்வது 3 லிட்டருக்கு மேல். இந்த இடைவெளிதான் சூப்பர் கூப்பேயில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு வரை அழுத்தமாக ஏறியது.

இப்போது கொல்லனின் துருத்தியை நினைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட அளவு காற்றை உள்ளே வாங்கி, அதை அப்படியே வெளியே தள்ளுகிறது. அழுத்தம் எவ்வளவு என்பதை எதிரே இருக்கும் குழாயும் உலையும்தான் முடிவு செய்கின்றன. செய்கிற வேலை ஒன்றே.

இது வெறும் ஒப்புமை இல்லை, வரலாறும் இப்படித்தான். இந்த இரட்டைச் சுழலிக் கருவிக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள், ஃபிலாண்டரும் ஃபிரான்சிஸும், 1860இல் காப்புரிமை பெற்றார்கள். அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதவும் சுரங்கங்களுக்குள் காற்று அனுப்பவும்தான் அது பயன்பட்டது. அதாவது, துருத்தி இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்த கருவி அது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் இரண்டடி (டூ-ஸ்ட்ரோக்) டீசல் இன்ஜின்களில் ஏறியது, அங்கிருந்து அமெரிக்க டிராக் பந்தயக் கார்களுக்குப் போனது, கடைசியில் தண்டர்பேர்டின் பானெட்டுக்குக் கீழே வந்தது. அமெரிக்கப் பட்டறைகளில் இன்றும் 'ப்ளோயர்' என்பதுதான் புழக்கம். அவர்களே 'ஊதுவது' என்று சொல்லும்போது நாம் ஏன் 'மீ', 'மிகை' என்று முன்னொட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்? 'காற்றூதி' என்றும் வைக்கலாம். ஆனால் குப்பை ஊதும் கருவியிலிருந்து கணினியைத் துடைக்கும் கருவிவரை எல்லாமே காற்றூதிதான். நெருப்புக்குக் காற்று ஊட்டுவதற்கென்றே தமிழில் இருக்கும் சொல் துருத்தி. சிலிண்டருக்குள் எரிவதும் நெருப்புதானே.

சரி, 'வார்' ஏன் வேண்டாம்? எம்90 பெல்ட்டில் ஓடுவது உண்மை. ஆனால் 1920களின் மெர்சிடீஸில் அது பல்சக்கரத்தில் ஓடியது. இரண்டாம் உலகப்போர் விமானங்களில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் இன்ஜினிலும் பல்சக்கரம்தான். அவற்றுக்கு வார்த்துருத்தி என்று எழுதினால் தப்பான தகவலாகிவிடும்.

உள்ளே இருக்கும் அமைப்பை வைத்தும் பெயர் சூட்ட முடியாது. இதற்குத் தண்டர்பேர்டின் குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. 1957இலேயே ஒரு சூப்பர்சார்ஜர் தண்டர்பேர்டு வந்தது, வி8, 300 குதிரைத்திறன். அதில் இருந்தது ரூட்ஸ் வகை அல்ல, ஒற்றைச் சக்கரம் சுழன்று காற்றை விளிம்புக்கு வீசியெறியும் மையவிலக்கு வகை. டர்போவின் காற்றுப் பக்கமும் அதே மையவிலக்கு வகைதான். ஆக, உள்ளமைப்பைப் பார்த்தால் 1957 வண்டி டர்போவோடு சேர்ந்துவிடும். எல்லா வகைகளையும் ஒழுங்காகப் பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: அதைச் சுற்றவைப்பது எது என்பது. இன்ஜினின் தண்டு சுற்றினால் சூப்பர்சார்ஜர். சைலன்சருக்குப் போகும் சூடான கழிவுவாயு ஒரு விசையாழியைச் சுற்றி, அது இதைச் சுற்றினால் டர்போ. டர்போவுக்கு முதலில் 'டர்போசூப்பர்சார்ஜர்' என்றே பெயர். பி-17 (B-17) குண்டுவீச்சு விமானம், பி-47 (P-47) போர் விமானம் ஆகியவற்றின் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், பிறகு சுருங்கிவிட்டது. அதாவது அடிச்சொல் ஒன்று, இயக்கும் விசை மட்டும் வேறு. தமிழிலும் அப்படியே வைக்கலாம்:

துருத்தி என்பது பொதுப்பெயர். பொறித்துருத்தி என்றால் இன்ஜினே சுற்றுவது. விசையாழித்துருத்தி என்றால் டர்போ.

கட்டுரையில் நான் இன்ஜின் என்றுதான் எழுதுகிறேன், ஆனால் கூட்டுச்சொல்லுக்குள் 'பொறி' சிறியதாக, நன்றாக ஒட்டுகிறது. பட்டறையில் டர்போ டர்போவாகவே இருக்கும், லாரி பஸ் வழியாக அது ஊருக்குள் எப்போதோ வந்துவிட்டது. அதை மாற்ற எனக்கு ஆசையில்லை. எழுத்தில் விளக்கம் தேவைப்படும் இடத்தில் விசையாழித்துருத்தி உதவும்.

இந்த அடிச்சொல்லை ஏற்றால் மற்றவை தானாகவே வந்து அமைகின்றன. இன்ஜின்காரர்கள் பூஸ்ட் என்று சொல்வது ஊதழுத்தம். அதைக் காட்டும் கருவி ஊதழுத்தமானி. துருத்தியில்லாத சாதாரண இன்ஜின் இயல்மூச்சுப் பொறி. இன்டர்கூலர் இடைக்குளிர்வி: அழுத்தம் ஏறும்போது காற்று சூடாகும், சூடான காற்றில் அடர்த்தி குறையும், எரிபொருள் நேரம் தவறி எரிந்து இன்ஜின் தட்டும் பிரச்சினையும் வரும். ஆகவே துருத்திக்கும் சிலிண்டருக்கும் இடையில் வைத்துக் குளிர்விப்பது. பெயரிலேயே இடம் தெரிகிறது.

வாக்கியத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், கட்டுரையில் நான் எழுதியிருப்பது இது: "சூப்பர் கூப்பேயின் பொறித்துருத்தி 12 பவுண்டு வரை ஊதழுத்தம் தந்ததால், இயல்மூச்சு வகையில் 9.0 ஆக இருந்த அமுக்க விகிதத்தை 8.2 ஆகக் குறைத்தார்கள். காற்று முன்பக்கத்து இடைக்குளிர்வி வழியாகச் சுற்றிவந்து சிலிண்டருக்குள் நுழைந்தது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது புறவழி வால்வு திறந்து காற்றைத் துருத்தியின் வாய்க்கே திருப்பிவிடும், இன்ஜினுக்குச் சுமை குறையும்." அடுத்த வரி: "டர்போ கூப்பேயில் கழிவுவாயு வேகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொறித்துருத்தி தண்டோடு சேர்ந்தே சுற்றுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை. 315 பவுண்டு-அடி முறுக்குவிசை நிமிடத்துக்கு 2600 சுற்றிலேயே கிடைத்தது." 1991இல் இதே வண்டிக்கு வந்த 5 லிட்டர் வி8 தந்தது 200 குதிரைத்திறன், 275 பவுண்டு-அடி. சிறிய வி6 பெரிய வி8-ஐ முந்தியதற்குக் காரணம் இன்ன கருவிதான் என்று இப்போது ஒரே சொல்லில் சொல்ல முடிகிறது.

மறுப்புகளுக்கு வருகிறேன். 'துருத்திக்கொண்டு நிற்பது' என்ற வினையோடு குழம்பாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆற்றிடைக்குறைக்கும் துருத்தி என்றுதான் பெயர், திருப்பூந்துருத்தி என்ற ஊரே இருக்கிறதே. இத்தனை பொருளோடும் அந்தச் சொல் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறது. இன்ஜின் பற்றிப் படிப்பவர் ஆற்றுத் திட்டை நினைக்க மாட்டார். துருத்தி விட்டுவிட்டு ஊதும், இது தொடர்ந்து ஊதுமே என்ற மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஆனால் ரூட்ஸ் வகையும் உண்மையில் துடித்துத் துடித்துத்தான் ஊதும். ஒவ்வொரு மடலும் ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பையும் இரைச்சலையும் குறைக்கத்தான் ஈட்டன் மடல்களை 60 பாகை முறுக்கி வார்த்தது. மையவிலக்கு வகைகளுக்கு இந்த விடை பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே துருத்தி என்பது வடிவத்தைச் சொல்லவில்லை, வேலையைச் சொல்கிறது.

இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்து வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் 'பொறி' என்பது பொதுவாக மெஷினுக்கு வருகிறது. அங்குள்ள நண்பர்களுக்குப் பொறித்துருத்தி என்றால் இன்ஜின் சுற்றும் துருத்தி என்று பிடிபடுமா, இல்லை 'மெஷின் துருத்தி' என்று பொதுவாகப் போய்விடுமா? அப்படிப் போகும் என்றால் 'தண்டுத்துருத்தி'க்கு மாறிக்கொள்ள நான் தயார். அப்புறம், லான்சியா டெல்டா எஸ்4 போல பொறித்துருத்தி, விசையாழித்துருத்தி இரண்டையும் ஒரே இன்ஜினில் பூட்டிய வண்டிகளுக்கு 'இணைதுருத்தி' என்று எழுதலாமா? 'இரட்டைத்துருத்தி' என்றால் இரண்டு டர்போ உள்ளவற்றோடு கலந்துவிடும் என்பதால் கேட்கிறேன். மறுப்பு வராவிட்டால் இந்தச் சொற்களோடு கட்டுரையை இந்த வாரக் கடைசியில் ஏற்றிவிடுகிறேன்.