உடைசல் பலகாரம் கொடுப்பது தர்மத்தில் சேருமா?

கோட்டையூர்க்காரி:
வீட்டில் பலகாரம் போட்டு காரைக்குடியில் இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை. தேன்குழலை எவ்வளவு பதமாக எடுத்தாலும் ஈட்டுக்கு ஒன்றிரண்டு நொறுங்கும். கடைக்காரர் முழுசைத்தான் எடுப்பார். உடைசலைத் தூக்குவாளியில் சேர்த்து, சனிக்கிழமைதோறும் பக்கத்துப் பிள்ளைகள் இல்லத்தில் கொடுத்துவிடுவேன். ஆறு வருசமாக நடக்கிறது.

போன ஞாயிறு பூசையில் சாமியார் தவக்காலத்துக்கு செபம், நோன்பு, தர்மம் மூன்றும் வேண்டும் என்றார். திரும்பும்போது, "தர்மத்தைத்தான் வாராவாரம் பண்றோமே" என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்காரர், "விக்காததைக் குடுக்கிறே. அதுக்குப் பேரு தர்மமா?" என்றார். சுருக்கென்றது. விவிலியத்தில் லேவியர் 19இல், அறுப்பில் சிந்தியதைப் பொறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விடு என்றுதானே இருக்கிறது? சிந்தியதும் உடைந்ததும் ஒன்றுதானே?

சிஎஸ்ஐ தம்பி:
அக்கா, அதே வசனத்தின் முன்பாதியைப் பாருங்கள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிறது. ஓரத்தில் நிற்பதும் நல்ல கதிர்தான். சிந்தியது அதற்கு அப்புறம். மல்கியா 1:8 இன்னும் கடுமை. குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிக்குக் கொண்டுவருகிறாயே, அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், ஏற்பானா என்று கேட்கிறது. அது பலிபீடத்துக்குச் சொன்னது என்று நீங்கள் வாதாடலாம். எளியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்லும் மத்தேயு 25ஐப் படித்தபின் எனக்கு அந்த வாதம் நிற்கவில்லை.

தேவகோட்டை:
எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். கோயிலுக்குப் பிடியரிசி. மாசக் கடைசியில் எங்களுக்குக் கஞ்சியானாலும் அந்தப் பிடி குறையாது. "மிஞ்சின சோத்தைக் குடுத்தா என்னம்மா?" என்று கேட்டதற்கு, "மிஞ்சினது நாய்க்கு" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, அவர் வாய் அப்படி.

பள்ளத்தூர்:
நான் கிறிஸ்தவன் இல்லை, நகரத்தார். எங்கள் ஐயாக்கள் பர்மாவில் லேவாதேவி செய்த காலத்திலும் மகமைக்கு, அதாவது வியாபாரத்தில் தர்மத்துக்கென ஒதுக்கும் பங்குக்கு, தனிக் கணக்கு உண்டு. மீந்தால் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் கணக்கில் பங்கு போய்விட்டால் மனசு அசையாமலும் கொடுத்துவிட முடியும். அது வேறு சிக்கல்.

விடுதிப் பையன்:
நான் இல்லத்தில் வளர்ந்தவன். உடைசல் எங்களுக்குக் குறையாகவே தெரிந்ததில்லை, தூளுக்குக்கூடச் சண்டை போடுவோம். ஒருமுறை பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் கையில் லட்டு வைத்துப் படம் எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று லட்டைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். எனக்கு நாற்பது வயதாகிறது. லட்டு இறங்குவதில்லை.

கோட்டையூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. நாய்க்கு என்றது கொஞ்சம் வலித்தது, சரி. இந்தச் சனிக்கிழமை, முதல் இரண்டு ஈடு தேன்குழலை முழுசாக எடுத்து வைத்துவிட்டேன். கடைக்கு எடை குறைந்தது, கடைக்காரர் முகம் சுளித்தார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, வாளியை மட்டும் விளக்கி வைத்தார். இல்லத்தில் மூடியைத் திறந்ததும் ஒரு வாண்டு எட்டிப் பார்த்து, "உடைசல் இல்லையா அக்கா? அதுதானே பாக்கெட்ல நெறையக் கொள்ளும்" என்றது. அடுத்த வாரம் இரண்டு வாளி கொண்டுபோக வேண்டும்.