மறுமொழி: ‘அறைவெப்பநிலை’யை விட்டுவிடலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். காமாக் கதிரை உணரும் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு (ஆங்கிலச் சுருக்கம் சி.இசட்.டி.) படிகத்துக்குத் தமிழ்ப் பெயராக வந்த ‘அறைவெப்பநிலைக் குறைக்கடத்திக் காமாக்கதிர் உணர்விப் படிகம்’ என்ற நேற்றைய முன்மொழிவை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பொருளில் பிழையில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதினால் பாதிப் பலகை போய்விடும். மாணவர்கள் மறுநாளே ‘சி.இசட்.டி.’ என்று சுருக்கிக்கொள்வார்கள். நம் சொல் ஏட்டிலேயே நின்றுவிடும்.

என் முதல் மறுப்பு ‘அறை’யின் மேல்தான். இராயபுரத்தில் தகரக் கூரை போட்ட என் மாடி அறையில் மே மாதப் பிற்பகலில் வெப்பமானி 40 டிகிரியைத் தொடுகிறது. ஆய்வகத்தார் அறைவெப்பநிலை என்பது 20, 25 டிகிரியை. எந்த அறை என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? இந்தப் படிகத்தின் பெருமை அறையில் இல்லை, குளிரூட்டத் தேவையில்லை என்பதில் இருக்கிறது.

இந்தத் தெளிவு எனக்குக் காசிமேட்டில் கிடைத்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவரின் விசைப்படகு கடலுக்குப் புறப்பட இருந்தது. ஐஸ் கட்டிகளை எந்திரத்தில் கொடுத்து நொறுக்கி, தூளைப் படகின் அடியறையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மானியம் உணர்வியை வேலை செய்ய வைக்க மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் போன்ற கடுங்குளிரூட்டி வேண்டும், காட்மியம் துத்தநாக டெல்லுரைடுக்கு அது வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். “அப்படியானால் ஐஸ் போடாமலே தாங்கும் என்று சொல்லுங்கள், சார்” என்றார். நாம் மூன்று வாரமாகத் தேடிய கருத்து அதுதான்.

காரணமும் எளியதே. ஜெர்மானியத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தேவையான ஆற்றல், சுமார் 0.67 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண வெப்பமே எலக்ட்ரான்களை அந்தச் சிறு இடைவெளியைத் தாண்ட வைத்துவிடும். அந்தக் கசிவு மின்னோட்டத்தில் காமாக் கதிரின் குறிப்பு மூழ்கிப்போகும். காட்மியம் துத்தநாக டெல்லுரைடில் இடைவெளி சுமார் 1.6. வெப்பத்தால் தாண்டுபவை மிகக் குறைவு. கதிரியக்கச் சீசியம்-137 உமிழும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் முழுவதும் அதற்குள் அடங்கினால், ஓர் இணைக்கு 4.6 எலக்ட்ரான் வோல்ட் வீதம் ஏறத்தாழ 1,44,000 எலக்ட்ரான்–துளை இணைகள் பிறக்கும் (துளை என்பது எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்). அவற்றை மின்புலத்தால் இழுத்து எண்ணினால் கதிரின் ஆற்றல் தெரிந்துவிடும். ஆற்றலை நுட்பமாகப் பிரித்தறிவதில் இன்றும் ஜெர்மானியமே முந்தி நிற்கிறது. ஆனால் அதை நைட்ரஜன் குடுவையோடோ குளிரூட்டும் எந்திரத்தோடோ தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: குளிர்வேண்டாக் கதிருணர் படிகம். ‘வேண்டா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதனால் வல்லினம் மிகுகிறது. ‘கதிருணர் படிகம்’ வினைத்தொகை, அங்கே மிகாது. பிழைதிருத்துவோர் இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.

இதற்கு ‘ஒளிர்படிகம்’ என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். சோடியம் அயோடைடு கதிர் பட்டதும் ஒளிர்கிறது, அந்த ஒளியை இன்னொரு கருவி மின்சாரமாக்குகிறது. நாம் பேசும் படிகம் கதிரை நேரடியாக மின்னூட்டமாக்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பாடமே புரண்டுவிடும். கதிரைக் காண்பது என்ற பொருளில் ‘கதிர்க்காணி’ அழகான சொல்தான். ஆனால் காணி என்றதும் நிலம்தானே நினைவுக்கு வருகிறது?

ஒரு நண்பர் நியாயமான தடை எழுப்பியிருந்தார்: சில கருவிகளில் இந்தப் படிகத்தையும் சற்றே குளிர்விக்கிறார்களே என்று. உண்மைதான், கசிவு இன்னும் குறையும். 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் விண்வெளி ஆய்வுச் செயற்கைக்கோளிலும் இதே படிகம் இருக்கிறது. அதன் வெப்பத்தை விண்வெளிக்கு வெளியேற்றும் தகடும் உண்டு. ஆனால் ‘வேண்டா’ என்பது ‘தேவையில்லை’, ‘கூடாது’ அல்ல. சர்க்கரை வேண்டாக் காப்பியில் சர்க்கரை போட்டால் குற்றமாகாது.

வகுப்பில் இப்படிச் சொல்லிப் பார்த்தேன்: “துறைமுகக் காவலர் கையிலுள்ள கருவிக்குள் விரல்நுனி அளவில் ஒரு குளிர்வேண்டாப் படிகம் இருக்கிறது.” ‘கதிருணர்’ உதிர்ந்த பிறகும் பொருள் நின்றது, யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இன்னொன்று மீதமிருக்கிறது. துளைகள் மெதுவாக நகர்ந்து, படிகக் குறைகளில் வழியிலேயே மாட்டிக்கொள்கின்றன. இதற்கு ‘மின்னூட்டச் சிக்கல்’ என்றால் ஏதோ பிரச்சினை போல் ஒலிக்கிறது. ‘துளைச்சிறை’ என்று எழுதலாமா? மாற்றுச் சொல் இருந்தால் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள்.