மண் ரிப்போர்ட்டில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 18, இன்னொன்றில் 41, குட்டைத் தண்ணீரில் 0. எதை நம்புவது?

வணக்கம். தாராபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கர், சுண்ணாம்பு ஓடிய மண், பிஎச் 8.2. மக்காச்சோளம் போடப் போகிறேன். பத்து இடத்தில் அரை அடி ஆழத்தில் எடுத்து ஒரே வாளியில் கலந்த மண்ணைப் பாதிப் பாதியாக இரண்டு ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். ஒன்றில் மணிச்சத்து 18, நடுத்தரம் என்று வந்தது. மற்றதில் 41. இரண்டுமே எக்டேருக்குக் கிலோ கணக்குதான். நிலத்தின் தாழ்வில் இருக்கிற பண்ணைக்குட்டை வேறு ஒரு மாதமாகப் பச்சையாகக் கிடக்கிறது, கையை விட்டு எடுத்தால் விரலிடுக்கில் பாசி ஒட்டுகிறது. மீன் தொட்டிக்கு விற்கும் பாஸ்பேட் கிட்டில் பார்த்தால் 0. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன, பயமாக இருக்கிறது. மணிச்சத்துள்ள டிஏபி உரம் போடலாமா?

பதில் 1 (மண் ஆய்வகத்தில் வேலை)
தம்பி, 41 வந்த ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தின் தலைப்பைப் பாருங்கள், பி2ஓ5 என்று இருக்கிறதா? அது பாஸ்பரஸை ஆக்சைடாகச் சொல்லும் கணக்கு, பாஸ்பரஸை 2.29ஆல் பெருக்கினால் பி2ஓ5. ஆய்வு முறை ஓல்சன்தானே, சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்றது?

கேட்டவர்
ஆமாம் அண்ணா, சின்ன எழுத்தில் பி2ஓ5 என்றுதான் இருக்கிறது. இரண்டிலும் ஓல்சன். 18ஐப் பெருக்கினால் 41.2 வருகிறது!

பதில் 1
அப்போ இரண்டும் சரி. ஓல்சன் கணக்கில் 11 முதல் 22 வரை நடுத்தரம், அது பாஸ்பரஸாகச் சொன்ன எண்ணுக்குத்தான், 41ஐ அதோடு ஒப்பிட்டு உரத்தை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மண்ணுக்கு பிரே முறையில் யாராவது பார்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது அமில மண்ணுக்கானது, அதிலுள்ள அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும், எண் குறைத்துக் காட்டும். மக்காச்சோளத்துக்குப் பரிந்துரைத்த அளவு போடுங்கள், ஆனால் மேலே தூவாமல் அடியுரமாக விதை வரிசைக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் வையுங்கள். தூவினால் பாதி சுண்ணாம்போடு கட்டிக்கொள்ளும், மழை வந்தால் மீதி குட்டைக்குப் போகும்.

பதில் 2 (மீன் வளர்ப்பவர்)
முதலில் மீனைப் பாருங்க. இரவில் பாசியும் மூச்சு விடும், விடியும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். இன்று ராத்திரியே மோட்டாரைப் போட்டுக் குட்டைத் தண்ணீரையே மேலிருந்து விழுகிற மாதிரி திருப்பி விடுங்க, தீவனத்தை நிறுத்துங்க.

அப்புறம் அந்த 0. கிட்டில் நீலம் வருவது கரைந்திருக்கும் பாஸ்பேட்டுக்கு மட்டும்தான். உங்கள் குட்டையில் பாசி அதை உறிஞ்சி உடம்பில் வைத்திருக்கிறது, அதனால் தண்ணீரில் இல்லை. பச்சையாக இருக்கும் குளத்தில் 0 வருவது நான் பலமுறை பார்த்தது. உங்கள் கிட்டில் 0க்கு அடுத்த நிறம் எத்தனை?

கேட்டவர்
0.25.

பதில் 2
அது பாஸ்பேட் கணக்கு, 3ஆல் வகுத்தால் பாஸ்பரஸ் 0.08. லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் மொத்த பாஸ்பரஸ் இருந்தாலே குளம் பச்சையாகலாம், அதை அந்த கிட் காட்டாது. ஆய்வகத்தில் 'மொத்த பாஸ்பரஸ்' என்று கேளுங்க, வடிகட்டாத தண்ணீரை அமிலம் விட்டுச் சூடாக்கி, பாசியில் இருப்பதையும் கரைத்துப் பார்ப்பார்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்க, சோப்புத்தூள் போட்டுக் கழுவின பாட்டில் வேண்டாம், ஐஸில் வைத்து அன்றே கொடுங்க.

கேட்டவர்
மோட்டார் போட்டாச்சு, காலையில் மீன் அடியில்தான் இருந்தது. மேற்கு வரப்பு உடைந்து செம்மண் கரைந்து குட்டைக்குள் இறங்கியிருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். அதை அடைத்த பிறகுதான் டிஏபி மூட்டையைப் பிரிப்பேன். பாட்டில் நாளைக்கு வாங்குகிறேன், எண் வந்ததும் இங்கே போடுகிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.